ருஷ்யச் சிப்பாயும் எங்கள் கஞ்சிப் பானையும்

எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு வாசிகசாலை இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அங்கே கொஞ்சப் பேர் கூடி ஒரு கதையை வாசித்து, அதைப் பற்றிக் கதைப்போம். பெரிய படிப்பாளிகள் என்று ஒருவரும் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வீட்டுவேலை, கோயில், விரதம், இவ்வளவும்தான் என் சீவியம். வாசிக்கிற பழக்கத்தை மட்டும் விடவில்லை.

அந்த வருசம் மார்கழிக்குக் கொஞ்சம் முந்தி எங்களுக்கு வாய்த்தது ஒரு ருஷ்யக் கதைப் புத்தகம். முன்னட்டை இல்லை. முதல் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. அதனால் எழுதினவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. பழைய காலத்து ருஷ்யா. பனி, குதிரை வண்டி, அரசனின் பட்டாளம். அந்த நாட்டுக் கதைகளில் பட்டாளத்துக்காரர் நிறைய வருவார்கள். கட்டளை போடுகிற பெரியவர் ஒரு வரியில் வந்து போய்விடுவார். அந்தக் கட்டளையைத் தன் கையால் செய்து முடிக்க வேண்டியவன் இருக்கிறானே, அவனுடைய முகத்தைத்தான் பக்கம் பக்கமாகக் காட்டுவார்கள். துவக்குக்காரரைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த ஊர் எங்களுடையது. ஆனால் அவர்களுடைய முகத்தை இவ்வளவு கிட்ட நின்று நான் பார்த்தது அந்தக் கதைகளில்தான்.

நாங்கள் வாசித்த கதை இது. பட்டாளத்தை விட்டு ஓடிப்போய்ப் பிடிபட்ட ஒருவனைச் சங்கிலியில் கட்டி, நகரத்துச் சிறைக்கு நடத்திக்கொண்டு போகிறான் ஒரு சிப்பாய். வழியில் நிற்கக் கூடாது, கைதியை ஒருவரோடும் கதைக்க விடக் கூடாது என்பது கட்டளை. வழியில் அந்தக் கைதியின் ஊர் வருகிறது. அவனுடைய தாய் சூடான ரொட்டி ஒன்றைத் துணியில் பொத்திப் பிடித்துக்கொண்டு தெருக்கரையில் நிற்கிறாள். சிப்பாய் நிற்கவில்லை. கைதியை இழுத்துக்கொண்டு போய்விட்டான். சிறையில் ஒப்படைத்த பிறகு, அந்தப் பனிக்குள் திரும்பவும் நடந்து வந்து அந்தத் தாயின் வாசலில் நிற்கிறான். ஏன் வந்தான் என்று அவனுக்கே தெரியாது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. ரொட்டியை எடுத்து அவனுக்கே கொடுக்கிறாள். அவன் ஒரு வாய் கடித்தான். விழுங்க ஏலவில்லை. அதோடு கதை முடிகிறது.

அன்றைக்கு வாசிகசாலையில் எல்லாரும் சிப்பாயைத் திட்டினார்கள். நான் மட்டும்தான் அவனுடைய பக்கம். கட்டளை என்றால் கட்டளை, ஒருக்கால் நெகிழ்ந்தால் பிறகு எல்லாவற்றுக்கும் நெகிழ வேண்டி வரும் என்று சொன்னேன். எனக்கு நேர் எதிராக நின்றவர் ராத்தா. கிண்ணியாவுக்குப் பக்கத்தில் குறிஞ்சாக்கேணியில் இருந்து ஞாயிறுகளில் எங்கள் பட்டணத்துக்குத் தையல் படிப்பிக்க வருகிற முஸ்லிம் மனுசி. என்னைவிட மூத்தவர் என்றபடியால் நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். வகுப்பு முடிய நேரே வாசிகசாலைக்கு வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பார். ஒரு நிமிசம் நின்று அந்த ரொட்டியை வாங்கிக் குடுத்திருந்தால் எந்த அரசனுடைய முடி விழுந்திருக்கும் என்று கேட்டார். நான் விடவில்லை. கடைசியில் அவர் சிரித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நீ பட்டாளத்துல சேர்ந்திருக்கணும் புள்ள. கலியாணம் முடிச்சது வீண்."

இதை வீட்டில் வந்து சொன்னபோது என் மனுசன், அவர் கடற்கரைத் தெருவில் வள்ள எஞ்சின் திருத்துகிறவர், எங்கட குசினி ஏற்கெனவே ஒரு முகாம்தானே என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. எங்கள் குசினியில் ஒரு சட்டம். சமைத்தது எதுவானாலும் முதல் சுவாமிக்குப் படைத்த பிறகுதான் மற்ற ஆட்களுக்கு. படைக்க முந்தி ஒருவரும் வாய் வைக்கக் கூடாது, உப்புப் பார்க்கிறதும் கூடாது. உப்பைக் கண்ணால் பார்த்துப் போட்டுத்தான் எனக்குப் பழக்கம். வீட்டை விட்டு வெளியே போகிற சாப்பாட்டுக்கும் அதே சட்டம்தான். வாசிகசாலைக்கு நான் கொண்டுபோகிற வடைகூடச் சுவாமி அறைக்குப் போய் வந்த வடைதான்.

திருவெம்பாவைக் காலம் வந்தது. விடியப்புறம் கோயில், பகல் முழுக்க விரதம், பொழுதுபட்ட பிறகு ஒருநேரச் சாப்பாடு. மழை விட்டு விட்டுப் பெய்து கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை காலமை நான் கோயிலால் வந்து ஈரச்சீலையை மாற்றிக்கொண்டு நிற்க, வேலைக்குப் போன மனுசன் பாதி வழியில் திரும்பி வந்தார். தங்கள் நாட்டில் இருக்க ஏலாமல் படகேறின முஸ்லிம் சனமாம். எஞ்சின் நின்றுபோய்க் கனநாள் கடலில் இழுபட்டிருக்கிறார்களாம். எங்கள் மீன்பிடிக்காரர் கண்டு சொல்ல, கடற்படைக்காரர் கட்டி இழுத்துக்கொண்டு வந்து துறைமுகப் பக்கத்து இறங்குதுறையில் இறக்கி வைத்திருக்கிறார்களாம். குஞ்சு குருமன் கனக்க இருக்குது, எல்லாம் எலும்பும் தோலும், நிக்கவும் சீவனில்லை என்றார். பின்னேரம் பஸ்ஸில் ஏற்றித் தூரத்து முகாமுக்குக் கொண்டு போகப் போவதாகவும் கதை.

அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு யோசனை ஒன்றும் ஓடவில்லை. அந்தப் பிள்ளைகள் பஸ் ஏற முந்தி எங்கள் வீட்டுச் சாப்பாடு ஒரு பிடி அவர்களுடைய வயிற்றுக்குள் போக வேண்டும். அவ்வளவுதான். கோயில் பொங்கலுக்கு வைத்திருக்கிற பெரிய பித்தளைப் பானையை இறக்கினேன். பச்சையரிசி, பயறு, சர்க்கரை, முந்திரிகை, நெய். நல்லாய் இருக்கட்டும் என்று நெய்யை அள்ளியே விட்டேன். வெந்ததும் வாழையிலையில் முதல் அகப்பை வைத்து, கற்பூரம் காட்டி, அந்தச் சனத்தைப் பார்த்துக்கொள் என்று கும்பிட்டேன். பிறகு ஓட்டோ பிடித்து, மடியில் சாக்கு விரித்து, பானையை அதன்மேல் வைத்துக்கொண்டு போய் இறங்கினேன்.

இறங்குதுறை வாசலில் இரும்புப் படலை. ஒரு பக்கம் சனம் கூடி நின்றது. படலைக்கு முன்னால் மழைக்கோட்டோடு ஒரு காவற்காரர். சிங்கள மனுசன், நாற்பது தாண்டின ஆள், மீசையில் நரை. நான் பானையைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். "ஏலாது அம்மா. ஓடர்," என்றார். மேலிடத்துக் கட்டளையாம். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த சிங்களம் அதைவிடக் குறைவு. பிள்ளைகள், பசி என்று கையால் காட்டினேன். ஏலாது. ஒரு வாய்க்காவது என்று விரலைக் குவித்துக் காட்டினேன். ஏலாது. அந்த மனுசனும் விடியப்புறம் தொடங்கி மழைக்குள் நிற்கிறாராக்கும் என்று நினைத்து, ஓர் இலைத்துண்டில் பொங்கல் வைத்து அவருக்கு நீட்டினேன். அவர் ஓரடி பின்னுக்குப் போனார். தன் காலில் கிடந்த சப்பாத்தைக் காட்டி, நிலத்தைக் காட்டி, வாயைக் காட்டிக் கையை விரித்தார். இந்த இடத்தில் நிற்கிற நேரம் ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது என்பது எனக்கு விளங்கியது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. போன மாதம் வாசிகசாலையில் இருந்துகொண்டு சிப்பாய்க்கு வக்காலத்து வாங்கினவள் நான்தான். அந்தச் சிப்பாய் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றபோது, கதையில் வந்த அந்தத் தாயுடைய கைச்சூடு என்ன சூடு என்று என் கைக்குத் தெரிந்தது. திரும்பிப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். மதிலோரமாய்ப் பானையை வைத்து, அதற்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் கிண்ணியாவில் இருந்து ஒரு வான் வந்தது. இறங்கினவர்களுக்குள் ராத்தாவும். அவர்களும் கிடாரத்தில் சோறும் இறைச்சிக்கறியும் கொண்டு வந்திருந்தார்கள். ராத்தாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. காவற்காரரோடு நிறைய நேரம் கதைத்தார். அந்த மனுசன் வாய் திறந்து அவ்வளவு கதைப்பார் என்று நான் நினைக்கவில்லை. ராத்தா திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னார். உள்ளுக்கு இருக்கிற டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம், கனநாள் காய்ந்த வயிறு, சோறு, கறி, நெய், இனிப்பு ஒன்றும் தாங்காது, சாப்பிட்டால் ஆளுக்கே ஆபத்து என்று. தண்ணிக் கஞ்சி என்றால் மட்டும் உள்ளுக்கு எடுக்கலாமாம். அதற்கும் பஸ் வெளிக்கிட முந்தி வர வேண்டுமாம்.

நான் என் பானையைப் பார்த்தேன். மேலே நெய் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் கல்நெஞ்சு என்று நினைத்த அந்த ஏலாதுக்குள் எவ்வளவு இரக்கம் இருந்திருக்கிறது. அவருக்கு அதைச் சொல்லத் தமிழ் இல்லை, எனக்குக் கேட்கப் பொறுமை இல்லை.

அப்போதுதான் ராத்தா பானைக்குக் கிட்டக் குனிந்து, பொங்கலின் மேலே கிடந்த பூவிதழ் ஒன்றைக் கண்டார். ஆறுதலாகக் கேட்டார்.

"இது சாமிக்கு வெச்சதா புள்ள?"

"ஓம் ராத்தா. வைக்காமல் நான் ஒண்டும் வெளியில விடுறதில்லை."

"தெரியும். அதுதான் கேட்டன். படைச்சத நாங்க தின்னுறல்ல. உள்ள இரிக்கிற சனமும் நம்மட ஆக்கள்தானே. அதுகளுக்குச் சொன்னா, பசியோட இரிந்தாலும் தொடாதுகள். சொல்லாமக் குடுத்தாத் தின்னுங்கள். ஆனா நீ சொல்லாமக் குடுக்கிற ஆளில்ல."

எனக்கு வாசிகசாலை வடைகள் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு முறையும் அவர் வாங்கி, கடதாசியில் சுற்றிப் பையில் வைப்பார். வீட்டில் போய்ச் சாப்பிடுகிறார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன். அந்த வடை எல்லாம் எங்கே போனது என்று கேட்டேன். பக்கத்து வளவில் ஒரு தமிழ்க் குடும்பம், அந்தப் பிள்ளைகள் ஞாயிறு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் என்றார். கோபிக்கக்கூட நேரமில்லை. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கிண்ணியாவுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வர நேரம் காணாது. எங்கள் வீடு கிட்ட. என் பொங்கலையும் அவர்களுடைய சோற்றையும் படலையடியில் மழைக்குள் நின்ற சனத்துக்கும் ஓட்டோக்காரருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும்படி வானில் வந்த பெண்களிடம் ஒப்படைத்தோம். பானையைச் சுரண்டிக் காலியாக்கி எடுத்துக்கொண்டு, ராத்தாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் எங்கள் குசினிக்குள் வந்தது அதுதான் முதல் தரம். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இந்த வீட்டுத் தண்ணியும் படைத்தது என்று நினைக்கிறாராக்கும் என்று எனக்குள் கொஞ்சம் குத்தியது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

வேலை மளமளவென்று நடந்தது. அவர் உள்ளியும் இஞ்சியும் தட்ட, நான் தேங்காய் துருவினேன். பித்தளைப் பானையைவிட்டால் அவ்வளவு பெரிய பாத்திரம் வீட்டில் இல்லை. அதையே கழுவி ஏற்றினோம். அரிசி குழைந்து, தண்ணிப்பால் விட்டு, கொதி வந்து அடங்கியது. ராத்தா அகப்பையை எடுத்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விடப் போனார். என் வாய் என்னைக் கேளாமல், "ராத்தா, இஞ்ச உப்புப் பாக்கிறதில்லை," என்றது. அவர் அகப்பையைப் பானைக்குள் வைத்தார்.

பிறகு என் கை தன் பாட்டில் ஒரு வேலை செய்தது. மூலையில் இருந்த வாழையிலைத் துண்டை எடுத்து, முதல் அகப்பைக் கஞ்சியை ஒரு கிண்ணத்தில் விட்டு, கிண்ணத்தை அந்த இலையில் வைத்தது. கலியாணம் முடித்து இந்தக் குசினிக்குள் வந்த நாள் தொடக்கம் செய்த வேலை அது. கை அதைத்தான் செய்யும். திரும்பிப் பார்த்தேன். ராத்தா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்துக் கொண்டிருந்தார். செய்யாதே என்று சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும், அவரோடு வாதாடியிருக்கலாம்.

கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிப்பாயை நான் நினைத்தேன் என்று சொன்னால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். உண்மையாகவே நினைத்தேன். அவன் கல்நெஞ்சன் இல்லை. ரொட்டியோடு நின்ற தாயை அவன் கண்டவன். கண்டும் கால் நிற்கவில்லை, ஏனென்றால் அந்தக் கால் கட்டளைக்குப் பழகின கால். எனக்குக் கட்டளை போட்ட அரசன் யார்? சுவாமியா, அல்லது நானேதானா? அதை இருந்து யோசித்து முடிவு காண அங்கே நேரமில்லை. பிள்ளைகள் பஸ் ஏறப் போகிறார்கள். அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

கிண்ணத்துக் கஞ்சியைத் திரும்பப் பானைக்குள் ஊற்றினேன். சுவாமி அறை வாசலில் போய் நின்றேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் செய்வது பிழை என்றாகிவிடும்.

"இது அவையளுக்கு," என்று சொன்னேன். "உங்களுக்கு நாளைக்கு."

வந்து பானைக்கு மூடி போட்டேன். ராத்தா சாக்கை விரித்துக்கொண்டு ஆயத்தமாக நின்றார். ஓட்டோவுக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பானையைப் பிடித்துக்கொண்டு போனோம்.

படலையில் அதே காவற்காரர். மூடியைத் திறந்து பார்த்தார், கஞ்சி என்று கண்டு தலையாட்டினார். பிறகு ராத்தாவிடம் ஏதோ சொன்னார். ராத்தாவின் முகம் மாறியது. வெளியில் இருந்து வருகிற சாப்பாட்டை, சமைத்துக் கொண்டு வந்தவர் முதல் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டத்தான் வேண்டுமாம். அதுவும் ஓடர்.

நான் ராத்தாவைப் பார்த்தேன், ராத்தா என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் அசையவில்லை.

"ராத்தா, நான் விரதம். நீங்கள் ஒரு வாய் குடியுங்கோ."

"நான் நோன்பு புள்ள. வியாழன் பிடிக்கிற சுன்னத்து நோன்பு. அதுதான் தேத்தண்ணியும் வாணாம்டன்."

அவர் தேத்தண்ணி வேண்டாம் என்ற காரணம் அப்போதுதான் விளங்கியது. ஆனால் காவற்காரருக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. சமைத்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் வாயில் வைக்க மாட்டோம் என்று நிற்கிறோம். அவருடைய புருவம் சுருங்கியது. பானையை ஒருக்கால் பார்த்தார், எங்களை ஒருக்கால் பார்த்தார். கையைப் படலைத் தாழ்ப்பாளில் வைத்தார். உள்ளே பஸ் ஒன்று பின்பக்கமாக வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அகப்பையை நான் எடுத்தேன். ஒருநேர விரதம், பாதி நாளில் முறிந்தால் சுவாமி என்ன செய்வார்? சற்று முந்தி ஒரு சட்டம் போய்விட்டது, இதுவும் போகட்டும். ராத்தா என் கையைப் பிடித்தார். தன்னுடையது கட்டாய நோன்பு இல்லை, விட்டால் வேறொரு நாள் பிடிக்கலாம், உனக்கு இது வருசத்தில் ஒருக்கால் வருகிறது, விடு என்றார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. அந்த வாசலில், அவ்வளவு சனத்துக்கு முன்னால், வயசுபோன இரண்டு பொம்பிளைகள் ஓர் அகப்பைக்கு இழுபட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கம் வரும். இழுபட்டதில் கஞ்சி கொஞ்சம் என் கையில் சிந்திச் சுட்டது.

அந்த இழுபறிக்குள்ளேயே ராத்தா சிங்களத்தில் அந்த மனுசனுக்கு விசயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நான் எப்படியோ அகப்பையைப் பறித்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோன நேரம், "எப்பா அம்மே," என்றார் காவற்காரர். வேண்டாம் அம்மா என்று அர்த்தம். அந்த அளவு சிங்களம் எனக்குத் தெரியும்.

அவர் ஒருக்கால் பின்னால் திரும்பிக் அதிகாரி இருக்கிற கந்தோர்க் கதவைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த அகப்பையை வாங்கினார். காலமை தன் சப்பாத்தைக் காட்டி, நிலத்தைக் காட்டி, வாயைக் காட்டின அதே இடத்தில், அதே சப்பாத்தோடு நின்றுகொண்டு, அண்ணாந்து அந்தக் கஞ்சியைக் குடித்தார். மழைத்தண்ணீர் தொப்பியால் வழிந்து அகப்பைக்குள் விழுந்தது. தொண்டை ஏறி இறங்கினதை நான் பார்த்தேன். விழுங்கிவிட்டார்.

அகப்பையைத் திருப்பித் தந்தபோது அவருடைய முகம் ஒரு மாதிரி இருந்தது.

"லுணு மதி," என்றார்.

ராத்தாவுக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை. "உப்புக் காணாதாம் புள்ள. நான் பாக்க வந்தன், நீதான் விடல்ல."

அவர் படலைக்கு உள்ளே இருந்த தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, சின்னக் கடதாசிப் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டு வந்த உப்பாக இருக்க வேண்டும். பானைக்குள் தூவி, என்னைக் கலக்கச் சொல்லிக் கையால் காட்டினார். கலக்கினேன். பிறகு படலையைத் திறந்து, உள்ளே நின்ற இன்னொருவரைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பானையை உள்ளே கொண்டு போனார்கள். எங்களுக்கு உள்ளே போக அனுமதி இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

மதிலோரம் ஒரு குடைக்குள் இரண்டு பேரும் நின்றோம். ராத்தா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார், நான் வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தால் பானை திரும்பி வந்தது. வெறுமையாக மட்டுமல்ல, கழுவித் துடைத்து. காவற்காரர் தாங்கள் கழுவவில்லை என்று கையால் காட்டினார். உள்ளே ஒரு பெண் கழுவினாளாம். நிற்கவே சீவனில்லாத சனம் என்று சொன்னார்கள். அந்தச் சீவனில் எங்கள் பானையைத் தேய்த்து, அடிக்கரியும் எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

பஸ் வெளிக்கிட்டபோது நாங்கள் தெருவில்தான் நின்றோம். யன்னல் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு ஒரு பிள்ளை நித்திரை. வாயோரத்தில் வெள்ளையாய் ஏதோ காய்ந்திருந்தது. அது எங்கள் கஞ்சிதான் என்று நான் சொல்கிறேன். வேறொருவரும் வேறு மாதிரிச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த நாள் விடியப்புறம் அந்தப் பானையைத்தான் சுவாமிப் பொங்கலுக்கு ஏற்றினேன். மனுசன் எட்டிப் பார்த்து, மஞ்சள் தண்ணி தெளிக்கவில்லையா என்று கேட்டார். கழுவித்தானே வந்தது என்றேன். பொங்கலைப் படைத்து, நாளைக்கு என்று சொன்ன மாதிரியே கொண்டு வந்திருக்கிறேன் என்று சுவாமிக்குச் சொன்னேன். அந்த வருசம் மிச்ச விரதத்தையும் ஒரு குறையும் வைக்காமல் முடித்தேன்.

சில நாளுக்குப் பிறகு அந்தப் பக்கத்தால் போக வேண்டி வந்தது. அதே காவற்காரர் படலையில் நின்றார். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டதும் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். என்னைக் கண்டார். ஆனால் கண்ட மாதிரிக் காட்டவில்லை, எனக்கு மேலால் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படித்தான் நிற்க வேண்டும். நானும் காணாத மாதிரியே போனேன்.

அடுத்த வாசிகசாலைக் கூட்டத்துக்கு வேறு கதை வைத்திருந்தார்கள். நான் கையை உயர்த்தி, போன கதையில் எனக்கு ஒன்று சொல்லக் கிடக்குது என்றேன். சிப்பாய் செய்தது சரி என்று சொன்ன வாய், இனி என்ன சொல்லப் போகிறது என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ராத்தாவும் பார்த்தார்.

சிப்பாயில் எனக்கு இப்போதும் பெரிய கோபம் இல்லை என்றேன். நிற்காதே என்று அவனுக்குக் கட்டளை. சரி, அவன் நிற்கவில்லை. ஆனால் அந்தத் தாய்க்கு ஒருவரும் கட்டளை போடவில்லையே. அவள் ஏன் தெருக்கரையில் நின்றாள்? சூடான ரொட்டியை வைத்துக்கொண்டு அவர்களோடு நடந்திருக்கலாம். நகரம் வரைக்கும் நடந்திருந்தால், எங்கேயாவது ஓரிடத்தில் அந்தச் சிப்பாய்க்கும் கால் நொந்திருக்கும், பசித்திருக்கும், கைதியைத் தின்ன விட்டுவிட்டுத் தானும் ஒரு துண்டு கேட்டிருப்பான். அப்போது விழுங்கவும் ஏலும். கட்டளைக்குக் கீழே நிற்கிறவனைத் தனியாக விட்டுவிட்டு, அவனுக்கு இரக்கம் இல்லை என்று நாங்கள் கரையில் நின்று சொல்வதில் ஞாயம் இல்லை.

சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் இல்லை. ஒரு வாத்தியார், பனிக்குள் வயசான தாய் எப்படி நடப்பாள் என்று கேட்டார். நடப்பாள் என்று சொன்னேன்.

தேத்தண்ணி நேரம் வந்தது. நான் அன்றைக்கு இரண்டு பொட்டலம் கொண்டு போயிருந்தேன். ஒன்று வழமைபோல எல்லாருக்கும். மற்றதைத் தனியாக ராத்தாவின் கையில் வைத்து, இது சுவாமி அறைப் பக்கமே போகாத வடை என்றேன். அவர் கடதாசியில் சுற்றாமல், பையில் வைக்காமல், எனக்கு முன்னாலேயே ஒன்றை எடுத்துக் கடித்தார். நிதானமாக மென்று முடித்தார்.

"இண்டைக்கி உப்புச் சரி புள்ள," என்றார்.

சரியாகத்தான் இருக்கும். நான் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் போட்டனான்.